வலி சொல்லும் பட்டை

புதிதாக மசாஜுக்கு வருகிறவர்கள் உயிர் போகிற வலியிலும் "பரவாயில்ல" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பொய் இனி எஸ்தரிடம் செல்லாது. படுத்திருப்பவரின் வலியை அவளுக்கும் உணர்த்துகிற மணிக்கட்டுப் பட்டை ஜோடி ஒன்று இன்று காலைதான் வந்திருந்தது.

முதல் ஆள் பர்வீன், பனியன் கம்பெனியில் தைப்பவள். ஆளுக்கொரு பட்டை கட்டிக்கொண்டதும் எஸ்தர் அவள் தோளை அழுத்தினாள். தன் தோளிலேயே சுருக்கென்றது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள்.

"பிடிச்சிட்டேன் பாருங்க. இங்கதானே? வலிச்சா மறைக்கக் கூடாதுக்கா."

"அது இருக்கட்டும்மா. எனக்குக் கட்டைவிரல் ஏன் இப்படி விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது?"

எஸ்தர் தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். பட்டை இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியாது.

"அது... பரவாயில்லக்கா."

பர்வீன் எழுந்து உட்கார்ந்து, எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையக் குடு."