துளைக்கு அப்பால்

காற்றில் இருக்கும்போது அவள் கீழே பார்த்தாள்.

பார்க்கக் கூடாது. நீளம் தாண்டுகிறவள் நேரே பார்க்க வேண்டும். ஆனால் இந்த ஒன்றைப் பார்க்காமல் எப்படி இருப்பாள்?

குளவியின் துளை, ஒரு விரல் நுழையும் அளவு, அவள் கால்களுக்கு அடியில் பின்னால் போனது.

தாண்டிவிட்டாள்!

குதிகால்கள் மணலில் புதைந்தன. முன்னால் சரிந்து, உருண்டு, வாயெல்லாம் மணலோடு எழுந்தாள். வெள்ளைக் கொடி உயர்ந்தது. மைதானத்தின் ஓரத்தில் அவள் பள்ளிப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அந்தத் துளை, மிதித்துத் தாவும் பலகையிலிருந்து சரியாக ஐந்து மீட்டர் முப்பது. காலையில் போட்டி தொடங்கும் முன் அவளே டேப் வைத்துப் பார்த்திருந்தாள். மாநிலப் போட்டிக்குப் போக ஐந்து நாற்பது வேண்டும். ஐந்து தாவல்கள் முடிந்து, ஒன்றுகூடத் துளைவரை எட்டவில்லை.

இது ஆறாவது. கடைசி.

இந்த மணலில் பயிற்சி எடுத்த ஒன்பது நாளாக அந்தக் குளவியை அவளுக்குத் தெரியும். கறுப்பு உடம்பு, நூல் மாதிரி இடுப்பு. கூட்டம் கிடையாது, துணை கிடையாது, எல்லாம் தானே. நாய்க்குட்டி மாதிரி முன்கால்களால் மணலைப் பின்னுக்கு வாரி இறைக்கும். யாரும் வந்து விழாத இடமாகப் பார்த்துத்தான் தோண்டும்.

அதுதான் அவளுக்கு ரோஷம். அவளால் அவ்வளவு தூரம் வர முடியாது என்று ஒரு குளவிகூட முடிவு கட்டிவிட்டதே!

தூரம் அளக்க வந்தவர் வேறொரு பள்ளியின் பி.டி. மாஸ்டர், தனிஸ்லாஸ் சார். கண்டிப்புக்குப் பேர்போனவர். மணலருகே குனிந்தார். உடம்பு பட்ட தடங்களில் பலகைக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது எதுவோ, அதிலிருந்துதான் அளவு.

டேப் முனையில் கோத்த கம்பியைத் துளையின் வாயில் ஊன்றினார்.

"கைய பின்னால ஊனிட்டியேம்மா. வெரலு பதிஞ்சிருக்கு பாரு."

ஐந்து முப்பது.



"அது என் வெரல் இல்ல சார். குளவி போட்ட ஓட்டை."

"குளவியா? எங்க?"

"இரை பிடிக்கப் போயிருக்கு சார். இப்ப வந்துரும்."

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த டீச்சர் சிரித்துவிட்டார்.

சொன்ன பிறகு அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. பஸ் வந்துரும் என்பது போல அல்லவா சொல்லியிருக்கிறாள்! சில நாள் கால் மணி நேரத்தில் வரும். சில நாள் மத்தியானம் ஆகிவிடும்.

சார் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார்.

"அடுத்த பிள்ள ரெடியாகுற வரைக்கும்தான். வரலன்னா எழுதிருவேன்."

அடுத்த பிள்ளை எட்டயபுரத்துக்காரி. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இடது கால் முடிந்தது.

வலது கால்.

யாருக்காகவும் அவள் இப்படிக் காத்திருந்ததில்லை. வெயில் மணலில் முட்டி போட்டு, வேலியோரப் புல்லையே பார்த்தாள். வா. வந்து தொலை. என் ராசாத்தி, வா.

வலது காலும் முடிந்தது.

எட்டயபுரத்துக்காரி அவளைப் பார்த்தாள். குனிந்து, கட்டிய லேஸை அவிழ்த்தாள். முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தாள்.

வந்தது!

பறந்து அல்ல, நடந்து. தன்னைவிட நீளமான பச்சை வெட்டுக்கிளியைக் கால்களுக்கிடையே போட்டு, அதன் மீசையைக் கவ்வி இழுத்துக்கொண்டு. வெட்டுக்கிளி சாகவில்லை. அசைய முடியாதபடி கொட்டி வைத்திருக்கிறது. உள்ளே பொரிக்கப்போகும் புழுவுக்கு இரை கெட்டுப்போகக் கூடாதே.

மணலில் ஏறியது. நின்றது.

கிளம்பும்போது இல்லாத கம்பி ஒன்று வாசலில் நிற்கிறது. வெட்டுக்கிளியைப் போட்டுவிட்டு ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. இடது பக்கமாக விலகி, எங்கோ போகத் தொடங்கியது.

"சார், கம்பிய எடுங்க சார்! அதுக்கு வீடு தெரியல!"

மாவட்ட நடுவரை அதட்டிவிட்டோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஆனால் அவர் சத்தம் காட்டாமல் கம்பியை உருவியிருந்தார்.

குளவி திரும்பியது. வெட்டுக்கிளியை இழுத்துவந்து வாசலில் வைத்தது. தான் மட்டும் உள்ளே போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது. தலையை வெளியே நீட்டி, மீசையைப் பிடித்து, ஒரே இழுப்பு.

வெட்டுக்கிளி மணலுக்குள் போய்விட்டது.

தனிஸ்லாஸ் சார் சம்மணம் போட்டு மணல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

எழுந்தார். பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். கம்பியை அவள் குதிகால் தடத்தில் ஊன்றினார்.

ஐந்து நாற்பத்தாறு!

நின்ற இடத்திலிருந்தே அவள் ஒரு குதி குதித்தாள். அதை யாரும் அளக்கவில்லை. ஓடிப்போய் எட்டயபுரத்துக்காரியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

துளையைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டுத்தான் மணலைச் சமன் செய்தார்கள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது மைதானத்தில் ஆள் இல்லை. துளை மூடியிருந்தது. இருந்த இடமே தெரியாமல் குளவி மணலைத் தலையால் தட்டி அடைத்திருந்தது.

அதைக் காணோம்.

பிறகு மணல் தெறிப்பது கண்ணில் பட்டது. நேற்று அவள் குதிகால் பதிந்த இடத்துக்கும் ஒரு முழம் அப்பால்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குனிந்து, ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள்.