மாப்பிள்ளை போட்ட வயரிங்

"த்தூ! இது வயரிங்கா, குப்பைத்தொட்டியா?"

டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்திருந்த அப்பா வெளியே வந்து, பட்டறை வாசலில் காறித் துப்பினார். முப்பது வருஷமாக வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவர். ஃபியூஸ் இல்லாத வயரைப் பார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே 'ஃபியூஸ்' என்பதுதான்.

"என்னப்பா ஆச்சு?" டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள் மெதுவாகக் கேட்டாள்.

"வந்து பாரு, உனக்கு வரப்போறவனோட லட்சணத்தை!"

மலைப்பாதையில் ஆள் ஏற்றிப் போகும் வண்டி அது. சேற்றில் மாட்டினால் கம்பிக்கயிற்றை மரத்தில் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள, முன்னால் ஒரு மின்சார வின்ச் இருந்தது. மழையில் இறங்கி நிற்காமல் சீட்டில் உட்கார்ந்தபடியே அதை இயக்க, உள்ளே ஒரு சுவிட்ச் வைத்திருந்தான் மாப்பிள்ளை. தன் வண்டிக்கும் கூட்டாளிகள் வண்டிக்கும் வயரிங் எல்லாம் அவன் கைவேலைதான்.

"ஒரு பார்வை பாருங்க மாமா, அப்புறம் தேதி குறிங்க" என்று நேற்று மதியம் வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அப்பா கேட்டதும் அதைத்தான். ஒருவன் செய்த வேலையைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுவார். மாப்பிள்ளை தரப்பிலும் ஒரே ஒரு நிபந்தனைதான்: கல்யாணத்துக்குப் பிறகு பெண் பட்டறையில் கையில் கரியோடு நிற்கக் கூடாது. அதில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. மகள் ஒன்றும் சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நேற்று அவர் வெளிவேலையாகப் போய்விட்டார். இன்று காலைதான் வண்டியில் கை வைக்க முடிந்தது. நல்லவேளை, மகள் நேற்றே பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்திருந்தாள்.

"எண்ணிக்கோ. சுவிட்சுக்குப் போற வயர்ல ஃபியூஸ் இல்ல. தகரத்துல ஓட்டை போட்டு வயரை உள்ள விட்டிருக்கான், ஓட்டையைச் சுத்தி ரப்பர் இல்ல. தகரம் வயரை அறுத்துக்கிட்டு இருக்கு. சால்டரிங் கிடையாது, சும்மா முறுக்கி செலோடேப் ஒட்டியிருக்கான். செலோடேப்பு! நோட்டுப் புஸ்தகத்துக்கு அட்டையா போடறான்?"

"ஏதோ அவசரத்துல பண்ணியிருப்பாருப்பா. விடுங்க."

"இதுவும் அவசரமா?"

அவர் சுட்டிக்காட்டியது வீட்டில் விளக்குப் போடுகிற சாதாரண சுவிட்ச். வின்ச் சுவிட்ச் என்றால் விரலை எடுத்த நொடியே தானாக நின்றுவிட வேண்டும். இது நிற்காது. கயிற்றருகே எவனாவது நின்றால் அவன் கையையும் சேர்த்துச் சுருட்டிவிட்டுத்தான் ஓயும்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, வாயெல்லாம் சிரிப்பு.

"எப்படி மாமா? வேலை சுத்தமா இருக்கா?"

"நீங்களே குனிஞ்சு பாருங்க தம்பி. பார்த்துட்டு கையைக் கழுவிடுங்க. நான் ரெண்டு தடவை கழுவிட்டேன்."

குனிந்து பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா... இது நான் போட்டது இல்ல. நான் ஃபியூஸ் போட்டேன். விரலை எடுத்தா நின்னுடற ஸ்பிரிங் சுவிட்ச் போட்டேன். சத்தியமா!"

"அப்போ பேய் வந்து மாத்திட்டுப் போச்சா?"

மாப்பிள்ளை திகைத்துப்போய் மகளைப் பார்த்தான். அவள் குறடைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவமானத்தில் தலை நிமிர முடியவில்லை என்று நினைத்தார் அப்பா. அவருக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"மோசமா வேலை செஞ்சதைக்கூட மன்னிச்சுடலாம். செஞ்சுட்டு இல்லைன்னு சாதிக்கறீங்க பாருங்க, அதுதான் அருவருப்பா இருக்கு. தேதியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வண்டியைச் சரி பண்ணி நானே அனுப்பிவைக்கிறேன். கிளம்புங்க."

அவன் தெருவில் இறங்கி நடந்தான்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். வாயில் இன்னும் கசப்பு போகவில்லை.

"தப்பிச்சோம்மா. இவன் கையில உன்னைப் பிடிச்சுக் கொடுக்க இருந்தேனே, என்னைச் சொல்லணும்!"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இதை இப்படியே விடக் கூடாது. மலைக்குப் போற அத்தனை டிரைவருக்கும் சொல்லப்போறேன். இவன் வயரிங் பண்ண வண்டியில ஒருத்தனும் ஏறக் கூடாது. இனிமே எவன் இவனை வேலைக்குக் கூப்பிடறான்னு பார்க்கறேன்."

மகள் சட்டென்று வந்து போனைக் கையால் மூடினாள்.

"வேண்டாம்ப்பா. அது அநியாயம்."

"அநியாயமா? இந்தக் கண்றாவியைப் பார்த்தபிறகுமா?"

"அவர் போட்டது அவ்வளவு சுத்தமான வேலைப்பா, பிரிச்சு நாசமாக்க எனக்கே ரெண்டு மணி நேரம் ஆச்சு."