கதவை மறந்து வை

காது கிழியக் கத்துகிற ராக் குழு அது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் உயிர். ஆனால் அவர்கள் போட்டுப் போட்டுத் தேய்த்தது, அதன் இசைத்தட்டில் ஒற்றைக் கிதாரோடு முணுமுணுப்பாய் வரும் கடைசிப் பாட்டைத்தான். கூடவே பாடும்போது 'கதவைத் திறந்து வை' என்பதை அண்ணன் 'மறந்து வை' என்பான். 'விளக்கை ஏற்றி வை' தம்பி வாயில் 'மாற்றி வை' ஆகிவிடும். ஐம்பது வயதைத் தொட்டும் இருவரும் திருந்தவில்லை.

போன மாதம், இருவரும் வேலை பார்த்த வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் வெடித்து அண்ணன் போய்விட்டான். ஒரு வாரம் கழித்துத் தம்பி அந்த இசைத்தட்டைப் போட்டான். பாடகர் நிதானமாக, 'கதவை மறந்து வை' என்று பாடினார். உறையில் அச்சடித்த வரி 'திறந்து' என்றே இருந்தது. 'விளக்கை ஏற்றி வை' மட்டும் மாறாமல் வந்தது.

"பாட்டு மாறியிருக்கு," என்றான் மனைவியிடம்.

"எப்பவும் இப்படித்தானே? உங்கண்ணன் சரியாத்தான் பாடிட்டிருந்தார்."

இன்று காலை அவன் பட்டறைக்குக் கிளம்பும்போது அவள் அதே பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு காலில் ஷூ மாட்டி முடித்திருந்தான்.

'விளக்கை மாற்றி வை' என்றார் பாடகர்.

"அட, நீங்களும் சரியாத்தான் பாடிட்டிருந்தீங்க," என்று டப்பாவை நீட்டினாள்.