கூடுதல் நேரம்

ஹோட்டல் சமையலறைக் கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"என்னடா, பேயைப் பாத்த மாதிரி நிக்கறே?" என்றார் சமையல்காரர்.

"பேயா இருந்தாப் பரவால்லண்ணே. முதலாளிகிட்ட பேசிட்டிருக்கறது எங்க மேடம்!"

நாடு விட்டு நாடு வந்து அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் அவன். வாரத்துக்கு இவ்வளவு நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது விசா விதி. அதை அவன் எப்போதோ தாண்டிவிட்டான். நேற்றுதான் மேடம் வகுப்பில் கறாராகச் சொல்லியிருந்தார்: "விதியை மீறி யாராவது வேலை பாக்கறது தெரிஞ்சா, நானே ஆபீஸ்ல சொல்லிடுவேன். அப்புறம் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அவன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பதுங்கினான். கதவு திறந்தது.

"எங்கய்யா அந்த ஒல்லி?" முதலாளியின் குரல். கூடவே மேடத்தின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

இனி ஒளிந்து என்ன பயன்? சோப்பு நுரை வழியும் கையோடு வெளியே வந்தான். "மேடம், இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க..."

மேடத்தின் முகம் அவனுடையதைவிட வெளிறிப் போனது.

"அட, தெரிஞ்சவங்களா? நல்லதாப் போச்சு," என்றார் முதலாளி. "இவங்களும் இன்னையிலேருந்து உன்கூடப் பாத்திரம் கழுவப் போறாங்க. வேலையைச் சொல்லிக் குடு."

அவர் வெளியே போனதும் மேடம் கதவைச் சாத்தினார். பிறகு, கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்:

"தம்பி, யுனிவர்சிட்டில நான் தற்காலிக வேலையிலதான் இருக்கேன், சம்பளம் பத்தல. வெளிவேலை பாக்கக் கூடாதுன்னு எனக்கும் விதி. இது தெரிஞ்சா அதுவும் போயிடும். டிபார்ட்மெண்ட்ல யார்கிட்டயும் சொல்லிடாதேப்பா!"