கயிறு தொட்டவன் கூறு

பழைய கோட்டையைப் பார்க்கத்தான் அந்த மீனவ ஊருக்குப் போனேன். கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைத் தாண்டும்போது தடுமாறி அதைப் பிடித்துவிட்டேன்.

“கயித்தத் தொட்டாச்சுல்லா அண்ணாச்சி, இனி வலை கரையேறாம கைய விடப்படாது,” என்றார் முன்னால் நின்ற கஸ்பார்.

ஒரு மணி நேரம் இழுத்தேன். இழுத்தவர்களுக்கு மீனைக் கூறு வைத்தபோது எனக்கும் ஒன்று வைத்தார்கள்.

“அடுப்பு கிடையாதுங்க. வேலைக்காக வந்து எட்டு மாசமா டவுன் லாட்ஜுல தனியாத்தான் இருக்கேன். வேற யாருக்காவது குடுங்க.”

“ஒருத்தனுக்கு வச்ச கூற இன்னொருத்தன் தொடமாட்டான்,” என்றார் கஸ்பார்.

அவர் மனைவி மிக்கேலம்மா என் மீனை ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டார். “அடுப்பு இல்லன்னா வாயுமா இல்ல? வாங்க வீட்டுக்கு.”

சோற்றைப் பிசைந்தபோது, கயிறு அறுத்த விரல்களில் குழம்பு பட்டு எரிந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.