மேகம் இறங்கும் இடம்

நீலகிரி உச்சியில் உள்ள பனிச்சறுக்குத் திடலில், சமவெளி நோக்கிச் செல்லும் மேகங்களை மறித்துப் பனியாக உதிர்ப்பது மங்கையர்க்கரசியின் பணி. விருந்தினர் காலைதோறும் கைதூக்கிப் பனி கேட்பார்கள். மழை வேண்டும் பதிகத்தைப் பாடிய பிறகே அவள் பனி இயந்திரத்தின் விசையைத் தொடுவாள். அந்த ஒரு வழக்கத்தை மட்டும் அவள் விட்டுவிடவில்லை.

அன்று மேற்கிலிருந்து ஒரே ஒரு கருமேகம் வந்தது. கீழே, சத்தியமங்கலத்தில், அவள் கணவன் செங்கோடனின் சோளப்பயிர் இன்று நனையாவிட்டால் கருகிவிடும்.

"இன்னைக்கு மட்டும் அந்த மேகத்தக் கீழ உட்ரு அம்மிணி," என்றான் அவன் அலைபேசியில்.

"எல்லாக் கையும் மேலதானுங்க இருக்குது."

"ஒருத்தராச்சும் வேண்டாங்கலையா?"

"நேத்துப் பெஞ்ச பனி அழுக்காயிருச்சாமுங்க."

விருந்தினரை மறுத்துப் பேசும் தெம்பு அவளுக்கு எப்போதோ வற்றியிருந்தது. அலைபேசியை அணைக்காமலே பதிகத்தைப் பாடி முடித்து, விசையை அழுத்தினாள். அருச்சனைப் பூக்களைப் போலப் பனி மெல்ல உதிர்ந்தது. வெளியே கைதட்டல் எழுந்தது.



"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் செங்கோடன். "அங்க பனி அள்ள ஆளு எடுக்கறாங்களா, கேட்டுச் சொல்லு. மம்பட்டி எங்கிட்டயே இருக்குது."