நாற்பத்தொரு சீட்டுகள்

மார்ச் 9 காலை, ஆறாம் குடியிருப்பின் சுவரில் 'தலைவர் பொய் சொல்கிறார்' என்று எழுதியிருந்தது. உடனே போலீஸ் உத்தரவு வந்தது: எழுதியவர் பெயரை ஒவ்வொரு வீடும் தனித்தனியே சீட்டில் தர வேண்டும். இல்லையேல் எல்லோரும் கைது.

மாலையில் காவல் நிலையத்தில் அதிகாரி சீட்டுகளைப் பிரித்தார்.

"நாற்பத்தொரு வீடும் ஒரே ஆளைச் சொல்லுது, தையல்காரன்னு! பேசி வச்சுக்கிட்டாங்களா?"

"இல்ல சார். அத்தனை வீட்டையும் ஒட்டுக்கேட்டவன் நான். புருஷன் பொண்டாட்டிகூட வாயைத் திறக்கல. எனக்கே புல்லரிக்குது," என்றார் குமாஸ்தா.

"அப்புறமென்ன? தூக்கிட்டு வாங்க."

"அவர் போன வருஷமே நம்ம லாக்கப்புல செத்துட்டார் சார்."

"செத்தவன் வந்து சுவத்துல எழுதுவானா? எல்லாரையும் பிடிங்கய்யா!"

"சார்... அவரை உயிரோட விடுதலை பண்ணினதா நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அதிகாரி கோப்பில் 'குற்றவாளி தலைமறைவு' என்று எழுதி மூடினார். குடியிருப்பில் யாரும் கைதாகவில்லை.